வட்ட மூடி, சதுர மூடி

பழைய இத்தாலிய மோட்டார் சைக்கிள்களைப் பற்றிய எழுத்து எதையாவது எடுத்துப் படியுங்கள். கனமான படப் புத்தகமாக இருக்கலாம், ஏலக் கம்பெனியின் விற்பனைப் பட்டியலாக இருக்கலாம், அருங்காட்சியகத்து விளக்க அட்டையாக இருக்கலாம். இரண்டாம் பக்கம் முடிவதற்குள் ‘ஆன்மா’ வந்துவிடும். ஜப்பானிய வண்டிக்கு நம்பகம், ஜெர்மானிய வண்டிக்கு ஒழுங்கு, இத்தாலிய வண்டிக்கு ஆன்மா என்று சொத்துப் பிரித்ததுபோல ஒரு பாகப்பிரிவினை. கூடவே ‘பஸ்ஸியோனே’ என்ற இத்தாலியச் சொல்லும் வரும். வேட்கை என்று பொருள். ஆனால் அதை மொழிபெயர்க்காமலேயே விட்டுவிடுவார்கள், மொழிபெயர்த்தால் மந்திரம் பலிக்காது என்பதுபோல.

1998-இல் நியூயார்க் குக்கன்ஹைம் அருங்காட்சியகம் தன் சுழல் மாடம் முழுக்க மோட்டார் சைக்கிள்களை நிறுத்தி ஒரு கண்காட்சி நடத்தியது. மசிமோ தம்புரீனி வடிவமைத்த டுகாட்டி 916 அதில் சிற்பம்போல நின்றது. கூட்டம் அலைமோதியது. கடையிலும் பட்டறையிலும் புழங்கிய ரசனைக்குக் கலை விமர்சனத்தின் முத்திரை விழுந்த தருணம் அது. அதற்குப் பிறகு பழைய இத்தாலிய வண்டிகளின் விலை மட்டுமல்லாமல் அவற்றைப் பற்றிய வாக்கியங்களின் எடையும் ஏறிவிட்டது.

நானும் இந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஆகவே இது வெளியாள் தொடுக்கும் வழக்கு அல்ல. என் முறைப்பாடு அந்த ஒரு சொல்லின் மேல். ‘ஆன்மா’ என்று எழுதிய இடத்தில் இரண்டு விஷயங்கள் காணாமல் போகின்றன. ஒன்று கணக்கு. மற்றது கூலி. இந்த வண்டிகளை அழகாக்கியவை இவை இரண்டும்தான் என்பதால், ரசிகர்கள் தாங்கள் நேசிப்பதையே தவறாக விவரிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

தொடக்கத்திலிருந்து பார்ப்போம். டுகாட்டி 1926-இல் பொலோஞாவில் வானொலி உதிரிப்பாகம் செய்யத் தொடங்கிய நிறுவனம். போர்கோ பனிகாலேயில் இருந்த அதன் ஆலை 1944 அக்டோபரில் நேச நாடுகளின் குண்டுவீச்சில் தரைமட்டமானது. போர் முடிந்ததும் அங்கே தயாரானது ‘குச்சோலோ’ என்ற 48 சிசி எஞ்சின். நாய்க்குட்டி என்று அர்த்தம். சைக்கிளில் பொருத்திக்கொள்ள வேண்டியதுதான். விமானம் செய்துகொண்டிருந்த அகுஸ்தாவும் ஏர்மாக்கியும் மோட்டார் சைக்கிளுக்கு வந்ததும் வேட்கையால் அல்ல. போரில் தோற்ற நாட்டில் விமானம் செய்யத் தடை இருந்தது. ஆலையும் தொழிலாளரும் இருந்தார்கள். ஊரில் பேருந்து இல்லை, காருக்குக் காசு இல்லை. நாய்க்குட்டி வேலைக்குப் போகிறவனைச் சுமந்தது.

இந்தக் காலம் எப்படி முடிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1957 மே மாதம் மில்லே மில்லியா கார் பந்தயத்தில் குவிதிட்சோலோ அருகே நடந்த விபத்தில் வேடிக்கை பார்த்தவர்களும் செத்தார்கள். பொதுச்சாலைப் பந்தயங்கள் நின்றன. நாடு முழுக்கச் சுற்றிவரும் மோட்டோஜீரோ பந்தயமும் அதோடு போயிற்று. அதே ஆண்டு ஃபியட் 500 வந்தது. சின்னக் கார், ஆனால் மழை மேலே விழாது, பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்ளலாம். அந்தப் பருவத்தோடு ஜிலேரா, மோட்டோ குட்ஸி, மொண்டியால் மூன்றும் உலகப் பந்தயக் களத்திலிருந்து விலகின. தேவையாக இருந்த பொருள் விருப்பப் பொருளாக மாறத் தொடங்கிய ஆண்டு என்று 1957-ஐச் சொல்லலாம். ரசிகர் எழுத்து பெரும்பாலும் இந்த மாற்றத்துக்குப் பிறகே கண் விழிக்கிறது. அதனால்தான் அதற்கு வேட்கை மட்டும் தெரிகிறது.

இனி கணக்கு. ஃபாபியோ தல்யோனி 1954-இல் டுகாட்டிக்கு வந்த பொறியாளர். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட சொல் ‘டெஸ்மோ’. எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் நுழையவும் எரிந்த புகை வெளியேறவும் வால்வுகள் திறந்து மூட வேண்டும். வழக்கமான எஞ்சினில் கேம் வால்வைத் தள்ளித் திறக்கும், ஸ்பிரிங் அதை மூடும். சுழற்சி வேகம் ஏற ஏற ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாது. வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து மோதினால் எஞ்சின் சிதறிவிடும். அந்தக் காலத்து ஸ்பிரிங்குகள் உடைந்தும் போயின. தல்யோனி மூடும் வேலையையும் ஸ்பிரிங்கிடமிருந்து பறித்து இன்னொரு கேமிடம் கொடுத்தார். யோசனை அவருடையதல்ல. 1954-இல் மெர்சிடிஸ் பந்தயக் கார் அதையே செய்தது. அதை மோட்டார் சைக்கிளில் ஓடவைத்ததும், 1956-இல் சுவீடன் பந்தயத்தில் 125 சிசி வண்டியில் வெற்றிபெறச் செய்ததும், 1968-இல் கடையில் வாங்கக்கூடிய வண்டிக்குக் கொண்டுவந்ததும் அவர். பிரச்சினை என்ன, விடை என்ன என்று வரைபலகையில் வைத்துப் பார்த்த மனம் அது.

அவருடைய 750 சிசி எஞ்சினும் அப்படித்தான். 1970 வசந்தத்தில் வரையத் தொடங்கி அந்தக் கோடைக்குள் ஓடும் வண்டியாக்கினார்கள். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே 90 பாகை. அந்தக் கோணத்தில் ஒரு பிஸ்டனின் உதைப்பை மற்றது பெருமளவு சமன் செய்துவிடும். முன் சிலிண்டரைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்ததால் பின்னால் இருப்பதற்கும் காற்று கிடைத்தது. ரசிகர்கள் ஆன்மாவின் குரல் என்று எழுதும் அந்தத் தாளத்துக்கும் இந்தக் கோணமே காரணம். ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 270 பாகை, அதற்கடுத்து 450 பாகை. ஒரு குட்டை, ஒரு நெட்டை. கேட்கும்போது எனக்கும் மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் அது வடிவக்கணிதம் எழுப்பும் ஒலி என்று தெரிந்துகொண்டதில் என் இன்பம் குறையவில்லை. ராகத்தின் ஆரோகணம் தெரிந்தவர் பாட்டை அதனால் குறைவாக ரசிக்கிறாரா?

1972 ஏப்ரல் 23 அன்று இமோலாவில் நடந்த 200 மைல் பந்தயத்தில் பால் ஸ்மார்ட் முதலாவதாகவும் புரூனோ ஸ்பஜாரி இரண்டாவதாகவும் இந்த எஞ்சினோடு வந்தார்கள். எம்.வி. அகுஸ்தாவில் வந்த ஜியாகொமோ அகொஸ்தீனியால் பந்தயத்தை முடிக்க முடியவில்லை. வென்ற வண்டிகள் சாலை வண்டியின் சட்டகத்தில் கட்டப்பட்டவை. நடுத்தாங்கி பொருத்தும் கொக்கிகள்கூட வெட்டப்படாமல் இருந்தன. அந்த வெற்றியின் நினைவாக 1974-இல் சுமார் 400 மட்டும் செய்த 750 சூப்பர் ஸ்போர்ட், இன்று ஏலத்தில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிப் போயிருக்கிறது.

இங்கேதான் கூலி வருகிறது. இந்த எஞ்சினில் கேமைச் சுழற்றுவது சங்கிலி அல்ல. கீழிருந்து மேலே ஒரு தண்டு, அதன் முனைகளில் சாய்ந்த பற்களைக் கொண்ட சக்கரங்கள். ஒரு சக்கரத்தின் பல் மற்றொன்றின் பல்லில் இறுகவும் கூடாது, தளரவும் கூடாது. இறுகினால் தேயும், தளர்ந்தால் அலறும். அந்த இடைவெளியைச் சரிசெய்ய ‘ஷிம்’ என்ற தாள்போன்ற வாஷர்களை ஒவ்வொன்றாகப் போட்டு, அளந்து, கழற்றி, வேறொன்று போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் இது புதிதாக நடக்கும். ஒன்றுக்குப் பொருந்திய வாஷர் அடுத்ததற்குப் பொருந்தாது. இதைச் செய்தது ஆலைத் தளத்தில் நின்ற ஒரு தொழிலாளியின் விரல்.

அந்தத் தொழிலாளியின் காலத்தையும் நினைக்க வேண்டும். 1969-இல் இத்தாலிய ஆலைகள் எங்கும் நடந்த பெரும் வேலைநிறுத்தங்களை ‘வெப்ப இலையுதிர்காலம்’ என்கிறார்கள். கூலி உயர்ந்தது. 1970 மே மாதம் தொழிலாளர் உரிமைச் சட்டம் வந்தது. அந்த ஆண்டில்தான் தல்யோனி 750-ஐ வரைந்தார். டுகாட்டி அப்போது அரசின் கையில் இருந்த நிறுவனம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனிமனித வேட்கையின் கோயிலாக இன்று வணங்கப்படும் வண்டி, பொதுத்துறை ஆலையில், சங்கம் வலுத்த காலத்தில், மணிக்கணக்கில் கூலி வாங்கிய கைகளால் இணைக்கப்பட்டது. நான் படித்த ரசிகர் நூல்களில் வேலைநிறுத்தம் வந்தால், தரம் குறைந்ததற்குச் சாக்காகவே வருகிறது. அந்த ஷிம்களைச் சரியாகப் போட்டதும் அதே கைகள்தான் என்று எழுதியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கூலி உயர்ந்தால் நேரத்தைக் குறைக்க வேண்டும். ஆகவே 1970-களின் நடுவில் டுகாட்டி எஞ்சினைத் திருத்தியது. 864 சிசி. தண்டும் பற்சக்கரமும் இருந்தன, ஆனால் இணைப்பது எளிதாக்கப்பட்டது. வெளி மூடியின் வடிவமும் மாறியது. முன்பு வளைவாக இருந்தது கோணமானது. இதனால் ரசிகர்கள் இந்த எஞ்சின்களை இரண்டு சாதியாகப் பிரித்தார்கள்: வட்ட மூடி, சதுர மூடி. புதிய வண்டியான 860 ஜிடியை வரைந்தவர் ஜோர்ஜெத்தோ ஜியூஜாரோ. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரை வரைந்த அதே கை. பெட்ரோல் டேங்கிலிருந்து பின் விளக்குவரை நேர்கோடுகள். அமெரிக்கச் சட்டம் கேட்டபடி கியர் மிதி இடப்பக்கம் வந்தது. வேண்டியவர்களுக்கு செல்ஃப் ஸ்டார்ட்டும் கிடைத்தது.

வாங்குகிறவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1976-இல் வந்த 860 ஜிடிஎஸ் பழையபடி உருண்ட டேங்குக்குத் திரும்பியது. இன்றும் ரசிகர் தராசில் வட்ட மூடி வண்டிக்கு இருக்கும் மதிப்புக்கு 860 ஜிடி பக்கத்தில்கூட வராது. ஆன்மா போய்விட்டதாம். ஒரே பொறியாளர், ஒரே கோணம், ஒரே தாளம். இணைப்பவரின் உழைப்பில் ஒரு பங்கு குறைந்தது, ஓட்டுபவரின் காலுக்கு ஒரு வேலை குறைந்தது. அவ்வளவுதான் நடந்தது. சதுர மூடியின் மேல் இருக்கும் இளக்காரத்துக்கு ஓட்டத்தில் ஆதாரம் கிடையாது. 1978-இல் நாற்பதை நெருங்கிய மைக் ஹெய்ல்வுட், 11 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மான் தீவுக்குத் திரும்பி வென்றது இந்தப் பிற்கால எஞ்சினின் வழிவந்த டுகாட்டியில்தான். அந்த வெற்றியை ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள், 860-ஐ மட்டும் மன்னிப்பதில்லை. பந்தய வீரனுக்காகச் செய்த மாற்றம் மேதைமை, வேலைக்குப் போகிறவனுக்காகச் செய்த மாற்றம் சமரசம். இது அழகியல் தீர்ப்பு அல்ல. வர்க்கத் தீர்ப்பு.

ரசிகர் மொழியின் இன்னொரு பழக்கமும் இதிலிருந்தே கிளைக்கிறது. குறையைக் குணம் என்று சொல்வது. மின் இணைப்புகள் மழையில் கைவிட்டால் ‘சுபாவம்’. நாலு உதைக்குப் பிறகு கிளம்பினால் ‘அவளுக்கு மனநிலை’. வண்டி எப்போதும் பெண்பால், அதுவும் கோபக்காரப் பெண். 1969-இல் வந்த ஹோண்டா சிபி 750 ஒரு பொத்தானை அழுத்தியதும் கிளம்பியது. அதற்கு ஆன்மா இல்லை என்று முடிவு கட்டியவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். ஞாயிறு காலையில் வெயில் பார்த்து வண்டியை எடுப்பவர்கள். காலை ஆறு மணிப் பணிமுறைக்கு அதே வண்டியை உதைக்க வேண்டியவனுக்குக் குறை குறைதான். அவன் எழுதவில்லை, அதனால் அவன் தீர்ப்பு நூல்களில் இல்லை.

ரசிகர்களுக்கு நியாயம் செய்ய வேண்டும். அவர்களுடைய எழுத்தைவிட அவர்களுடைய பட்டறை நேர்மையானது. ஆலை கைவிட்ட பாகங்களைச் சிறு பட்டறைகள் மறுபடி வார்க்கின்றன. கவிஞராகப் பேசுகிற அதே ஆள், எஞ்சினைத் திறந்ததும் மைக்ரோமீட்டரை எடுக்கிறார். எந்த ஷிம், எத்தனை மில்லிமீட்டர் என்று குறிப்பேட்டில் எழுதுகிறார். 1970-களின் இறுதியில் வந்த பாந்தா எஞ்சினில் தண்டுக்குப் பதில் ரப்பர் பெல்ட் வந்துவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பற்சக்கரத் தண்டு உற்பத்தியிலிருந்தே போய்விட்டது. அந்தக் கைப்பழக்கம் இன்று உயிரோடிருக்கிறதென்றால் அது இவர்களால்தான். நான் பிழைப்புக்குச் செய்வது பழைய மென்பொருள்களைப் பழுதுபார்க்கும் வேலை. அங்கே நிரலுக்கு ஆன்மா உண்டு என்று யாரும் சொல்வதில்லை. இந்த வரியை யார், எதற்காக எழுதினார் என்று கேட்போம். தெரியும்வரை கைவைக்க மாட்டோம். ரசிகர் பட்டறையில் இந்த ஒழுக்கம் இருக்கிறது. ரசிகர் எழுத்துக்கு அது வரவில்லை.

‘அசல்’ என்ற சொல்லையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது நம் பக்கத்து வாசலைத் தட்டுகிறது. நம்மில் பலருக்கு முதலில் பழக்கமான இத்தாலிய வண்டி டுகாட்டி அல்ல, ஸ்கூட்டர்தான். மிலானின் இன்னொசென்டி ஆலை 1947-இல் லம்பிரெட்டாவைத் தொடங்கி 1971-இல் நிறுத்தியது. அதன் இயந்திரங்களையும் அச்சுகளையும் இந்திய அரசு வாங்கி லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியாவை நிறுவியது. தமிழ்நாட்டுத் தெருக்களில் ஓடிய விஜய் சூப்பர் அங்கிருந்து வந்தது. லக்னோவில் செய்த லம்பிரெட்டா ஜிபி பிரிட்டனிலும் விற்பனையானது. ஆனால் இன்றைய சேகரிப்பாளர் சந்தையில் மிலான் வண்டி ஒரு விலை, லக்னோ வண்டி அதற்குக் கீழே ஒரு விலை. அச்சு ஒன்று, வரைபடம் ஒன்று. மெருகில் குறை உண்டு என்ற புகாரில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் மிலானில் செய்த வண்டியிலும் குறைகள் இருந்தன. அங்கே அவற்றின் பெயர் ‘சுபாவம்’.

புலம்பெயர்ந்தவர்களுக்கு இந்தத் தராசு அறிமுகமானது. ஊரில் பிறந்தவர் அசல், இங்கே பிறந்த பிள்ளை நகல் என்று நம் கூட்டங்களிலேயே நிறுத்துப் பார்க்கிறோம். ‘உன் தமிழில் மணமில்லை’ என்று பதினாறு வயதுப் பிள்ளையிடம் சொல்லும் மாமாவுக்கும் சட்டக எண்ணைச் சரிபார்க்கும் சேகரிப்பாளருக்கும் நான் பெரிய வித்தியாசம் காணவில்லை. நம்முடைய நினைவெழுத்துக்கும் அதே ‘ஆன்மா’ நோய் உண்டு. அம்மியில் அரைத்த சம்பலுக்கு இருந்த ருசி மிக்ஸியில் வராது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அதை நாள்தோறும் குந்தியிருந்து அரைத்தது யார், அவர் முழங்கால் என்ன ஆனது, மிக்ஸி வந்த அன்று அவர் முகம் எப்படி இருந்தது என்று எழுதியவர்கள் சிலர்தான். ருசி உண்மை. அதை ஆன்மாவின் கணக்கில் எழுதும்போது அந்தக் கை மறைகிறது. 860 ஜிடியின் செல்ஃப் ஸ்டார்ட்டைப் பார்த்து முகம் சுளிப்பதும் மிக்ஸியைப் பார்த்து முகம் சுளிப்பதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. இரண்டிலும் முகம் சுளிப்பவர் பெரும்பாலும் உதைக்கவோ அரைக்கவோ வேண்டியிராதவர்.

இதைச் சொல்வதால் பழைய பொருள்களை நேசிக்க வேண்டாம் என்று ஆகாது. வட்ட மூடி 750 ஜிடி அழகான வண்டி. அந்த அழகுக்குப் பெயர்ச்சொற்கள் இருக்கின்றன. 90 பாகை, சாய்பல், ஷிம், பொலோஞா, 1971, ஒரு பணிமுறைக்கு இத்தனை மணிநேரம். இந்தப் பெயர்களைச் சொல்லிப் புகழ்கிற விமர்சனம் வந்தால் அதை முதல் ஆளாக வாங்குவேன். அப்படிப்பட்ட விமர்சனத்தால்தான் 860 ஜிடியையும் நியாயமாகப் பார்க்க முடியும். ஜியூஜாரோவின் கோடுகள் எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை, டேங்க் சற்றுக் கனமாகத்தான் தெரிகிறது. ஆனால் அது வடிவத்தைப் பற்றிய வாதம். வாதாடலாம். ஆன்மாவோடு வாதாட முடியாது.

இமோலா பந்தயத் தடத்தில் ஆண்டுதோறும் பழைய உதிரிப்பாகச் சந்தை கூடுகிறது. ஐரோப்பாவில் இருக்கும் வாசகர்களுக்கு அது தொலைவில்லை. போனால் பளபளக்கும் சூப்பர் ஸ்போர்ட்டைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைத் தாண்டிச் செல்லுங்கள். எங்காவது ஓர் ஓரத்தில் ஒரு மேசை இருக்கும், அதில் சிறு சிறு டப்பாக்களில் ஷிம்கள் தடிப்பு வாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். விற்பவரிடம் எதை எங்கே போடுவது என்று கேளுங்கள். பெரும்பாலும் சொல்லிக்கொடுப்பார். பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தால் அவர்களையும் கேட்கச் சொல்லுங்கள்.